வயரை உருவிட்டா என்ன ஆகும்?



போன வாரம் ஹாஸ்டல் சாம்பார் பத்தி எழுதினதுக்கு நீங்க அனுப்பின கடிதங்களை எல்லாம் படிச்சேன். ‘எங்க சாம்பாருக்கு உங்க சாம்பார் எவ்வளவோ தேவலை’னு பாதிப் பேர் எழுதியிருக்கீங்க. ஆழ்ந்த அனுதாபங்கள்! இந்த வாரம் சாம்பாரை விட்டுட்டு வேற ஒரு சூடான சமாச்சாரம். நிஜமாவே சூடு... பேட்டரி சூடு!

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் கெலமங்கலம். ‘அது எங்கப்பா இருக்கு?’னு கிளாஸ்ல இன்னமும் கேட்கறாங்க. கிருஷ்ணகிரி மாவட்டம், தேன்கனிக்கோட்டை தாலுகா, ஓசூருக்குப் பக்கம். தமிழ்ல விசாரிச்சு, தெலுங்குல பேரம் பேசி, கன்னடத்துல சில்லறை வாங்குற ஊர். காலையில பஸ் ஸ்டாண்டுல நின்னீங்கன்னா ஒரு பக்கம் தக்காளிக் கூடை, புதினாக் கட்டு, ரோஜாப்பூ மூட்டை. இன்னொரு பக்கம் கழுத்துல ஐ.டி. கார்டு மாட்டிக்கிட்டு ஷிஃப்ட்டுக்குப் போற கூட்டம். இந்த ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல நாலு வாரம் நானும் நின்னேன். ஓசூர் சிப்காட்ல ஒரு சின்ன கம்பெனியில இன்டர்ன்ஷிப்! எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரியைக் கண்காணிக்கிற போர்டு செய்யறாங்க. பேர் வேண்டாம். ஏன்னா, இதுல சொதப்பினது நான்தான்.

அப்பா கேட்ட கேள்வி

முதல் நாள் ராத்திரி. சாப்பிட்டுக்கிட்டே அப்பா கேட்டார்... “ஏம்மா, நீதான் பேட்டரி கம்பெனிக்குப் போறியே. எனக்கும் ஒரு கரன்ட் வண்டி வாங்கிடலாமா? பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகல.”

அப்பாகிட்ட இருக்கறது டி.வி.எஸ். எக்ஸ்.எல். முன்னாடி ஒரு கூடை, பின்னாடி ரெண்டு கூடைனு தக்காளி கட்டிக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போவார். எங்க வீட்டுல வண்டியை உள் வாசல்லதான் நிறுத்துவோம். அதுக்கு நாலடி தள்ளி பாட்டி படுத்திருப்பாங்க. கரன்ட் வண்டி வந்தா சார்ஜ் போடறதும் அங்கேதான், ராத்திரியிலதான்.

“ஓ... தாராளமா வாங்கலாம்ப்பா!”னு பந்தாவா சொல்லிட்டேன். மூணாவது வருஷம் இ.சி.இ. படிக்கறோம்ல, அந்தத் திமிர்!

மைனஸ் 40 டிகிரி கெலமங்கலம்

ரெண்டாவது வாரம் எனக்கு ஒரு வேலை கொடுத்தாங்க. பேட்டரிக்குள்ள ஒட்டியிருக்கிற சின்ன வெப்ப சென்சாரைப் படிக்கணும். சூடு 55 டிகிரியைத் தாண்டினா சார்ஜிங்கை நிறுத்தணும். அவ்வளவுதான். ‘சி’ மொழியில ஒரு ‘இஃப்’ போட்டா முடிஞ்சுது!

மதியத்துக்குள்ள எழுதிட்டேன். ஹேர் டிரையரை சென்சார் பக்கத்துல காட்டினேன். 40, 48, 54... 56! டக்குனு சார்ஜிங் நின்னுச்சு. எனக்கு நானே கை தட்டிக்காத குறை. ‘டெஸ்டிங் அக்கா’வைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆபீஸ்ல எல்லாருக்கும் அவங்க அப்படித்தான். எந்த போர்டைப் பார்த்தாலும் முதல்ல ‘இதை எப்படிக் கெடுக்கலாம்?’னு யோசிக்கிறவங்க.

அக்கா ஒண்ணுமே பேசல. சென்சார் வயரைப் பிடிச்சு உருவிட்டாங்க.

ஸ்கிரீன்ல வெப்பநிலை மைனஸ் 40 டிகிரினு வந்துச்சு. சார்ஜிங் ஜம்முனு நடந்துக்கிட்டு இருந்துச்சு!

“ஏம்மா, உங்க ஊர்ல குளிர் ஜாஸ்தியோ?”னு கேட்டாங்க. மார்கழியில எங்க ஊர்ப் பக்கம் பல்லு தந்தியடிக்கும்தான். அதுக்காக மைனஸ் நாப்பதா?!

என்ன நடந்துச்சுன்னா, அந்த சென்சார் ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதோட மின்தடை குறையும். குளிரக் குளிர மின்தடை ஏறும். வயர் அறுந்துட்டா மின்தடை முடிவில்லாம ஏறின மாதிரி ஆயிடும். என் கோடுக்கு வயர் அறுந்ததெல்லாம் தெரியாது. ‘ஓ, பயங்கரக் குளிர் போல’னு அட்டவணையில இருந்த கடைசி எண்ணை எடுத்துக்கிச்சு. மைனஸ் 40, 55-ஐ விடக் கம்மிதானே? அப்ப சார்ஜ் பண்ணு!

“சூடு எவ்வளவுனு உன் கோடுக்குத் தெரியல. தெரியாததை ‘பரவாயில்ல’னு எடுத்துக்கிச்சு. குழி ரோட்டுல தினம் குலுங்கற வண்டியில ஒரு வயர் விட்டுப்போக எவ்வளவு நாள் ஆகும்?”னு கேட்டாங்க அக்கா. அப்புறம் போற போக்குல இன்னொண்ணு... “நிஜமாவே மைனஸ்ல இருந்தாலும் லித்தியம் பேட்டரியை சார்ஜ் பண்ணக் கூடாது. அதையும் நீ பார்க்கல.”

எனக்கு அப்பாவோட எக்ஸ்.எல். நிக்கிற வாசலும், நாலடி தள்ளி இருக்கிற கட்டிலும் ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கு டீ டைம்ல போண்டா இறங்கல.

6 வரிக்கு 11 பக்கம்

திருத்தறது ஈஸியாத்தான் இருந்துச்சு. சென்சார்லேர்ந்து வர்ற எண் ரெண்டு ஓரத்துலயும் முட்டிக்கிட்டு நின்னா, அது வெப்பநிலையே கிடையாது, பழுது. உடனே சார்ஜிங்கை நிறுத்து, சிவப்பு விளக்கைப் போடு. பக்கத்து சென்சார் 35 காட்டும்போது இது மட்டும் 5 காட்டினா சந்தேகப்படு. மொத்தம் 6 வரி. அரை மணி நேரம்.

அதுக்கப்புறம்தான் கதையே! அந்த 6 வரிக்கு ரெண்டரை நாள் பேப்பர் வேலை. எந்தத் தேவைக்காக இந்த வரி? அந்தத் தேவைக்கு என்ன நம்பர்? எந்த சோதனை இதை சரினு காட்டுது? வயர் அறுந்தா, வயர் பாடியில உரசினா, சென்சார் ஒரே எண்ணுல உறைஞ்சு போனா... ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி டெஸ்ட். எழுதினவர் ஒருத்தர், சரிபார்த்தவர் இன்னொருத்தர், ரெண்டு கையெழுத்து. 11 பக்கம் வந்துச்சு. ரெக்கார்டு நோட்டே தேவலைனு ஆயிடுச்சு!

“என்னக்கா இது, கோடைவிட காகிதம் ஜாஸ்தியா இருக்கு?”னு அலுத்துக்கிட்டேன்.

“அந்தக் காகிதத்துக்குத்தாம்மா காசு”னாங்க.

வீட்டுக்குப் போற பஸ்ல யோசிக்க யோசிக்கத்தான் புரிஞ்சுது. வண்டிக்குள்ள உயிர் காக்கிற சாஃப்ட்வேருக்குனு ஒரு பெரிய மார்க்கெட் இருக்கு. அங்கே விலைக்குப் போறதுல பெரும்பங்கு, ‘இந்த கோடு எப்படி எப்படி எல்லாம் தப்பாகலாம்னு யோசிச்சுட்டோம், அப்படி ஆனா வண்டி என்ன செய்யும்னு காட்டிட்டோம்’ங்கிற ஆதாரம்தான்.

உங்களுக்குத் தெரிஞ்ச உதாரணமே சொல்றேன். ஃப்ரீஆர்.டி.ஓ.எஸ். நம்மள்ல பல பேர் மினி புராஜெக்ட்டுல போட்டிருப்போம். பேர்லயே ‘ஃப்ரீ’! சின்ன சிப்புல பல வேலைகளை நேரம் பிரிச்சு ஓட்டற குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம். யார் வேணா இறக்கிக்கலாம். அதே மாதிரி வேலை செய்யற மாதிரி, ஆனா பாதுகாப்பு விதிகள்படி முதல்லேர்ந்து எழுதப்பட்டது ‘சேஃப்ஆர்.டி.ஓ.எஸ்.’. விட்டன்ஸ்டைன்ங்கிற கம்பெனி விக்குது. ஜெர்மனியோட டி.யூ.வி. சூட் அமைப்பு பரிசோதிச்சு சான்றிதழ் கொடுத்திருக்கு. அதை வாங்கினா கோடோட சேர்ந்து டிசைன், டெஸ்ட், ரிசல்ட்னு ஒரு மூட்டை ஆவணமும் வரும். ஒண்ணு இலவசம், இன்னொண்ணு காசு. வித்தியாசம் அந்த மூட்டையில இருக்கு!

பிளாக்பெர்ரி ஞாபகம் இருக்கா? நம்ம மாமாக்கள் காலத்துல பந்தாவா பெல்ட்ல செருகியிருப்பாங்களே, அந்த போன் கம்பெனி! 2010-ல் க்யூ.என்.எக்ஸ்.ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் கம்பெனியை வாங்கினாங்க. பிளாக்பெர்ரி போன் காணாமப் போச்சு. ஆனா, 23 கோடியே 50 லட்சம் வண்டிகளுக்கு மேல க்யூ.என்.எக்ஸ். இருக்குனு 2023-ல் அந்தக் கம்பெனி சொல்லிச்சு. போன் கைவிட்டாலும் கார் கைகொடுத்துச்சு!

‘டி’ கிரேடு வாங்கினா கஷ்டம்!

இந்த ஆதாரம் எல்லாம் எந்தக் கணக்குல கேட்கறாங்க? அதுக்கு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு. ஐ.எஸ்.ஓ. 26262. கார்களுக்காக 2011-ல் வந்துச்சு. 2018-ல் வந்த ரெண்டாவது பதிப்புல லாரி, பஸ், பைக் எல்லாம் சேர்ந்துச்சு. பைக்குக்குனே 12-வது பாகம். ஆனா பாருங்க, ‘மொபெட் நீங்கலாக’னு ஆரம்பத்துலயே போட்டிருக்கு. 1980-ல் டி.வி.எஸ். 50 பிறந்த ஓசூர்ல உட்கார்ந்து அதைப் படிக்கும்போது சிரிப்பு வந்துச்சு. அந்த வண்டிக்கு சாஃப்ட்வேரும் கிடையாது, ஸ்டாண்டர்டும் தேவையில்ல. கார்புரேட்டரை ஊதிவிட்டா போதும்!

ஸ்டாண்டர்ட் கேட்கிற அடிப்படைக் கேள்வி மூணுதான். இது தப்பானா எவ்வளவு அடிபடும்? அப்படிப்பட்ட சூழ்நிலை எவ்வளவு அடிக்கடி வரும்? ஓட்டறவரால சமாளிக்க முடியுமா? பதிலைப் பொறுத்து ஏ, பி, சி, டி-னு கிரேடு. அதுக்குப் பேர் ‘ஏசில்’. நம்ம காலேஜ்ல ‘டி’ வாங்கினா வீட்டுக்குப் போக முடியாது. இங்கே ‘டி’தான் உச்சம். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் மாதிரி உயிர் போற விஷயங்கள் பெரும்பாலும் அதுலதான் வரும். ‘டி’யில ஒரு ‘இஃப்’ல மூணு நிபந்தனை இருந்தா, மூணும் தனித்தனியா முடிவை மாத்துதுனு டெஸ்ட் போட்டுக் காட்டறது வரைக்கும் எதிர்பார்ப்பாங்க.

ஓக்லஹாமா கோர்ட்டுல ‘சி’ புரோகிராம்

‘இவ்வளவு பில்டப் தேவையா?’னு கேட்கறீங்களா? அமெரிக்காவுக்கு ஒரு ரவுண்ட் போயிட்டு வருவோம்.

2007-ல் ஓக்லஹாமா மாநிலத்துல 2005 மாடல் டொயோட்டா கேம்ரி ஒண்ணு கட்டுப்பாடு இழந்து மோதிச்சு. ஓட்டின பெண்மணிக்கு பலத்த காயம். கூட வந்தவங்க இறந்துட்டாங்க. ‘கார் தானா வேகமெடுத்துச்சு’னு கேஸ். டொயோட்டா மறுத்துச்சு. இதே மாதிரி புகார்களை ஆராய்ஞ்ச ‘நாசா’ குழுவும், எலெக்ட்ரானிக்ஸ் கோளாறுதான் காரணம்னு காட்ட ஆதாரம் கிடைக்கலைனு 2011-ல் சொல்லியிருந்துச்சு.

ஆனா, ஓக்லஹாமா கேஸ்ல மைக்கேல் பார்ங்கிற நிபுணர் அந்த இன்ஜின் கம்ப்யூட்டரோட கோடைப் படிச்சுட்டு வந்து சாட்சி சொன்னார். 10 ஆயிரத்துக்கும் மேல குளோபல் வேரியபிள்! ரெகர்ஷன் இருக்கு, ஸ்டாக் நிரம்பி வழியலாம். மெமரியில ஒரே ஒரு பிட் புரண்டா முக்கியமான ஒரு டாஸ்க் சத்தமில்லாம செத்துப்போகலாம், அப்படிச் செத்தாலும் காப்பாத்த வேண்டிய அமைப்பு அதைக் கவனிக்காம விடலாம்னு விளக்கினார். 2013 அக்டோபர்ல ஜூரி டொயோட்டாவுக்கு எதிரா தீர்ப்பு சொன்னாங்க. இழப்பீடு மொத்தம் 30 லட்சம் டாலர். கூடுதல் தண்டத்தொகையை முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு தரப்பும் சமரசம் ஆயிட்டாங்க.

அந்த கார்ல நிஜமா என்ன நடந்துச்சுங்கிறதுல இன்னிக்கும் ரெண்டு கட்சி உண்டு. ஆனா, நம்ம பாடம் வேற. விபத்துக்கு அப்புறம் ‘எங்க கோடு தப்பு செய்யாது’னு வாயால சொன்னா கோர்ட்டுல எடுபடாது. முன்கூட்டியே எழுதி வெச்சிருக்கணும். அக்கா என்னை எழுத வெச்ச அந்த 11 பக்கம் மாதிரி!

ஷோரூம்ல யாரும் கேட்காத கேள்வி

சரி, நம்ம ஊருக்கு வருவோம். வண்டி வாங்கப் போற யாராவது ‘இந்த பிரேக் சாஃப்ட்வேர் என்ன கிரேடு?’னு கேட்டிருக்கோமா? ‘மைலேஜ் எவ்வளவு தரும்? ஆயுத பூஜை ஆஃபர் உண்டா? கலர் என்ன இருக்கு?’ இதானே நம்ம கேள்விகள்! கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு யார் காசு கொடுப்பாங்க? அதனால இந்த மார்க்கெட்டுல பெரும்பாலும் வாங்கறவர் நாம இல்ல. சட்டமும், வண்டி கம்பெனியோட ஒப்பந்தமும்தான் நமக்காக வாங்குது.

ஏ.பி.எஸ். பிரேக்கை எடுத்துக்குங்க. சக்கரம் பூட்டிக்காம பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிற அமைப்பு. 1978-ல் பாஷ் கம்பெனி பென்ஸ் காருக்காகத் தயாரிச்சுக் கொடுத்தது. ஓசூர் அப்பாச்சி ஆர்.டி.ஆர். 180-ல் 2011-ல் வந்துச்சு. ஆனா, ‘கொஞ்சம் கூட கொடுத்தா ஏ.பி.எஸ். மாடல்’னு சொன்னா எத்தனை பேர் வாங்கியிருப்போம்? 125 சி.சி.க்கு மேல இருக்கிற டூவீலர்கள்ல, புது மாடல்களுக்கு 2018 ஏப்ரல்லேர்ந்து, பழைய மாடல்களுக்கு 2019 ஏப்ரல்லேர்ந்து ஏ.பி.எஸ். கட்டாயம்னு சட்டம் வந்த பிறகுதான், அது சர்வ சாதாரணமா எல்லா தெருவுலயும் ஓட ஆரம்பிச்சுது. ஒரு கையெழுத்து... லட்சக்கணக்கான வண்டிகளுக்குள்ள உயிர் காக்கிற கோடு!

பேட்டரி விஷயத்துல சட்டம் வர்றதுக்கு முன்னாடி உயிர் போச்சு. 2022 மார்ச்ல வேலூர்ல ராத்திரி சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடிச்சு, அந்தப் புகையில ஒரு அப்பாவும் மகளும் இறந்துபோனாங்க. அதுக்கு சாஃப்ட்வேர்தான் காரணம்னு நான் சொல்ல வரல. ஆனா, அந்த மாசத்துல நாடு முழுக்க அடுத்தடுத்து ஸ்கூட்டர்கள் தீப்பிடிச்சுது. மத்திய அரசு டி.ஆர்.டி.ஓ.வோட தீப் பாதுகாப்பு ஆய்வு மையத்தை விசாரிக்கச் சொல்லிச்சு. புனேவுல ஒரு ஸ்கூட்டர் எரிஞ்ச பிறகு, எங்க மாவட்டத்துப் போச்சம்பள்ளியில ஃபேக்டரி வெச்சிருக்கிற ஓலா எலெக்ட்ரிக், 2022 ஏப்ரல்ல 1,441 ஸ்கூட்டர்களைத் திரும்ப வரவெச்சு சோதிச்சது.

அப்புறம் வந்தது ஏ.ஐ.எஸ். 156 விதியோட திருத்தம். 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31-னு ரெண்டு கட்டமா அமலுக்கு வந்துச்சு. பேட்டரி எல்லை மீறி சூடேறினா ஒலியும் ஒளியுமா எச்சரிக்கணும், பேட்டரியைக் கண்காணிக்கிற அமைப்புக்கு இன்னின்ன தகுதி வேணும்னு எழுத்துல வந்துச்சு. எங்க சின்ன கம்பெனிக்கு ஆர்டர் வர்றதே அந்த விதியாலதான்னு அக்கா சொன்னாங்க. யோசிச்சுப் பார்த்தா வயித்தைப் பிசையுது. நான் கத்துக்கிட்ட வேலை, முகம் தெரியாத யாரோ பறிகொடுத்த உயிர்லேர்ந்து வந்திருக்கு.

இன்னொரு புது சிக்கல் இருக்கு. முன்னெல்லாம் ஃபேக்டரி கேட்டைத் தாண்டின வண்டி கடைசி வரைக்கும் அதே வண்டிதான். இப்ப அப்படி இல்ல. ஓலா ஸ்கூட்டர் 2021 டிசம்பர்லயே வாடிக்கையாளர் கைக்கு வந்துச்சு. ஆனா, ஆக்சிலேட்டரைப் பிடிக்காமலே ஒரே வேகத்துல போற க்ரூஸ் கன்ட்ரோல், 2022 ஜூன்ல ஒரு அப்டேட்லதான் வந்துச்சு. வாசல்ல நிக்கிற வண்டி ராத்திரியோட ராத்திரியா குணம் மாறுது! நல்ல வசதிதான். ஆனா, ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ‘இப்பவும் பத்திரம்தானா?’னு திரும்ப நிரூபிக்கணுமே? அதனால இந்த மார்க்கெட்டுல வேலை ஒரு தடவையோட முடியறதில்ல.

மிஸ்ரா சார் யாரு?

இப்ப நம்ம கேம்பஸ் மேட்டர். இன்டர்ன்ஷிப் முதல் வாரத்துல எல்லாரும் ‘மிஸ்ரா ஒத்துக்காது’, ‘மிஸ்ரா திட்டும்’னு பேசிக்கிட்டு இருந்தாங்க. யாரோ வடநாட்டு மேனேஜர் போலனு நினைச்சு, கேபின் கேபினா தேடினேன்! கடைசியில பார்த்தா, அது ‘சி’ மொழியை வண்டிக்குள்ள எப்படி எழுதணும்னு 1998-ல் இங்கிலாந்துல போட்ட விதிப் புத்தகம்.

அதுல என்ன இருக்கு தெரியுமா? ரெகர்ஷன் கூடாது. ‘மேலாக்’ கூடாது. ‘ஸ்விட்ச்’ போட்டா கண்டிப்பா ‘டிஃபால்ட்’ வேணும். நம்ம டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப்ல ‘டவர்ஸ் ஆஃப் ஹனாய்’க்கு ரெகர்ஷன் போட்டா பத்துக்குப் பத்து. அங்கே அதையே போட்டா பக்கம் பூரா சிவப்பு! காரணம் சிம்பிள். சில கிலோபைட் மெமரி இருக்கிற சிப்புல ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே எத்தனை தடவை கூப்பிடும்னு முன்கூட்டியே சொல்ல முடியலைன்னா, ஸ்டாக் எப்ப வழியும்னும் சொல்ல முடியாது. மெமரி கேட்டு ‘இல்ல’னு பதில் வந்தா, 60 கிலோமீட்டர் வேகத்துல போற பிரேக் என்ன செய்யும்?

நம்ம லேப்ல எக்ஸ்டர்னல் வந்து ‘அவுட்புட் வந்துச்சா?’னு கேட்பார். வந்துச்சுன்னா கையெழுத்து. ‘சென்சார் வயரை உருவிட்டா என்ன ஆகும்?’னு எந்த எக்ஸ்டர்னலாவது கேட்டு நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா? நான் கேள்விப்பட்டதே இல்ல. சரியா ஓடும்போது மார்க் போடறோம். தப்பாகும்போது எப்படித் தப்பாகணும்னு யாரும் சொல்லித் தரல.

இத்தனைக்கும் இந்த வேலை எங்கேயோ ஜெர்மனியில மட்டும் இல்ல. பாஷ் கம்பெனிக்கு ஜெர்மனிக்கு வெளியே இருக்கிற மிகப் பெரிய சாஃப்ட்வேர் மையம் நம்ம நாட்டுலதான். பெங்களூர், கோயம்புத்தூர்ல இருக்கு. ஓசூர்லேர்ந்து பெங்களூர் 40 கிலோமீட்டர். வண்டியை இந்தப் பக்கம் பூட்டறாங்க, அதுக்கான மூளையில பாதியை அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் எழுதறாங்க. சென்னை ஐ.ஐ.டி.யில படிச்ச ரெண்டு பேர் 2013-ல் ஆரம்பிச்ச ஏத்தர், பேட்டரியையும் அதைக் கண்காணிக்கிற அமைப்பையும் தானே டிசைன் பண்ணுது. அவங்க ஃபேக்டரி 2021-லேர்ந்து ஓசூர்ல ஓடுது. அதாவது, எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பஸ் ஏறிப் போற தூரத்துல இந்த மார்க்கெட் இருக்கு. நாமதான் ‘பைத்தான் தெரிஞ்சா போதும்’னு உட்கார்ந்திருக்கோம்!

நீங்க இன்னிக்கே செய்யக்கூடியது

அட்வைஸ்னா உங்களுக்கு அலர்ஜினு தெரியும். அதனால நாலே நாலு.

ஒண்ணு: உங்க மினி புராஜெக்ட்டை எடுங்க. ஒவ்வொரு வயரா உருவுங்க. என்ன ஆகுதுனு ஒரு பேப்பர்ல எழுதுங்க. அந்தப் பேப்பர்தான் உங்க முதல் பாதுகாப்பு ஆவணம்.

ரெண்டு: நீங்க எழுதின கோடை நீங்களே டெஸ்ட் பண்ணாதீங்க. ரூம் மேட்கிட்ட கொடுத்து ‘கெடுத்துக் காட்டு’னு சவால் விடுங்க. பந்தயம் ஒரு பரோட்டா செட். என் அனுபவத்துல, கெடுக்கறவர்தான் ஜெயிப்பார்!

மூணு: கம்பைலர் காட்டற மஞ்சள் வார்னிங்கை ‘எரர் இல்லல்ல’னு தாண்டிப் போகாதீங்க. கோடை ஓட்டாமலே தப்பு கண்டுபிடிக்கிற இலவச டூல்கள் இருக்கு. ‘சிபிபிசெக்’ல ஆரம்பிக்கலாம்.

நாலு: இன்டர்வியூல ‘உங்க புராஜெக்ட்டைப் பத்திச் சொல்லுங்க’னு கேட்டா, அது என்ன செய்யும்னு ரெண்டு வரி, என்ன ஆனா என்ன செய்யாதுனு நாலு வரி சொல்லுங்க. எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்னு அக்கா சொல்லியிருக்காங்க.

அப்பாவுக்கு என்ன பதில்?

கடைசி வாரம் ஒரு ஞாயித்துக்கிழமை. அப்பா திரும்பக் கேட்டார்... “என்னம்மா, வண்டி வாங்கலாமா, வேணாமா?”

இந்தத் தடவை பந்தா பண்ணல. “வாங்கலாம்ப்பா. ஆனா ஷோரூமுக்கு நானும் வர்றேன். நாலு கேள்வி கேட்கணும்”னேன். புது ஏ.ஐ.எஸ். 156 விதிப்படி சான்று வாங்கின பேட்டரியா? சூடேறினா எப்படி எச்சரிக்கும், இப்ப ஒரு தடவை காட்ட முடியுமா? சென்சார் பழுதானா சார்ஜ் ஏறுமா, நிக்குமா? அப்டேட் வந்தா என்ன மாறுச்சுனு எழுதிக் கொடுப்பீங்களா? அப்புறம் வீட்டுல ஒரு வேலை. சார்ஜ் பாயின்ட்டை உள் வாசல்லேர்ந்து வெளியே தாழ்வாரத்துக்கு, சரியான எர்த்தோட மாத்தணும். பாட்டியோட கட்டிலுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்கணும். கோடு எழுத ஆரம்பிச்ச பிறகுதான் எனக்கு சுவர் மேல மரியாதை வந்திருக்கு!

“மூணாவது கேள்விக்கு அவங்களுக்கு பதில் தெரியலைன்னா?”னு கேட்டார் அப்பா.

“‘தெரியல, கேட்டுச் சொல்றோம்’னா நம்பலாம்ப்பா. ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்’னு சொன்னாதான் எழுந்து வந்துடணும்.”

அப்பா சிரிச்சுட்டு எக்ஸ்.எல்.லை உதைச்சு ஸ்டார்ட் பண்ணினார். இன்னும் ஷோரூமுக்குப் போகல. தக்காளி விலை கொஞ்சம் ஏறட்டும்னு காத்திருக்கார்.

அதுவரைக்கும் நீங்க வயரை உருவிப் பாருங்க. என்ன ஆச்சுனு எழுதி அனுப்புங்க. செமையா சொதப்பின புராஜெக்ட் கதைகளை இந்தப் பக்கத்துல போட்டுடலாம். முதல் சொதப்பல் என்னோடது, ஏற்கெனவே போட்டாச்சு!

அடுத்த வாரம்: எக்ஸாம் ஹால்ல உதவிக்கு வர்ற குலசாமிகள்!